வீட்டைச் சுற்றி ஐந்தடி

காட்டுத்தீயைத் தாங்க வீடு தயாரா என்று பார்க்கும் ஆய்வாளர் வந்த அன்று நான் மரங்களைப் பற்றிப் பேசத் தயாராக இருந்தேன். வீட்டுக்குப் பின்னால் சரிவில் நிற்கும் மூன்று ஓக் மரங்களுக்கும், அவற்றைத் தாண்டி ஆற்றுப் பள்ளத்தாக்கை நோக்கி இறங்கும் மான்சனீட்டாப் புதருக்கும் என்னிடம் பதில் இருந்தது. அவர் மரங்களை ஏறிட்டும் பார்க்கவில்லை. வாசலில் நின்றார், குனிந்தார், கால்மிதியின் ஓரத்தை விரலால் நிமிண்டினார்.

"இது தேங்காய் நாரா?"

"ஆமாம்."

"முதலில் இதை எடுத்துவிடுங்கள்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் பொள்ளாச்சிப் பக்கத்துக்காரி. தேங்காய் மட்டையை ஊறவைத்து, அடித்து, நார் பிரித்து, கயிறு திரித்த வீடுகளுக்கு நடுவில் வளர்ந்தவள். அந்த நார் கப்பலேறி வந்து, கலிபோர்னியாவில் ஒரு கடையில் நான் டாலர் கொடுத்து வாங்கிய கால்மிதியாகக் கிடந்தது. அதைத்தான் இந்த வீட்டின் முதல் எதிரி என்று அந்த மனிதர் காட்டினார். அவர் சிரிக்கவில்லை. வாசற்படியும் சுவரும் சேரும் மூலையைக் காட்டி, காற்று சருகை எங்கே கொண்டுவந்து ஒதுக்குகிறது என்று கேட்டார். அந்த மூலையில்தான். தினமும் நான் பெருக்குகிற மூலை. "சருகு வந்து ஒதுங்கும் இடத்தில்தான் கங்கும் வந்து ஒதுங்கும்" என்றார்.

நாங்கள் இருப்பது ஆபர்ன் ஊருக்கு வெளியே, சியரா நெவாடா மலையின் அடிவாரத்தில், அமெரிக்கன் ஆற்றின் பள்ளத்தாக்குக்கு மேலே. 2017 வசந்தத்தில் வீடு பார்க்க வந்தபோது குன்றெல்லாம் பச்சை. உடுமலையிலிருந்து வால்பாறை மலையைப் பார்ப்பது போலிருக்கிறது என்று கணவரிடம் சொன்னேன், அந்த ஒரு வாக்கியத்தில் வீடு முடிவாகிவிட்டது. ஜூன் மாதம் குடிவந்தபோது குன்றுகள் வெளுத்து மஞ்சளாகியிருந்தன. இங்கே மே மாதத்துக்குப் பிறகு மழை என்பதே அநேகமாக இல்லை. அக்டோபர், நவம்பர்வரை புல் காய்ந்தபடி நிற்கும். இங்கிருந்து அரைமணி நேரப் பயணத்தில் இருக்கும் கொலோமாவில்தான் 1848 ஜனவரியில் தங்கம் கண்டெடுத்தார்கள், அதனால்தான் இது பொன் மாநிலம் என்பார்கள். கோடையில் இந்தப் புல்லைப் பார்த்தவர்கள் வேறு காரணமும் சொல்லக்கூடும்.

வீடு வாங்கும்போது கையெழுத்திட்ட காகிதக் கட்டில் இயற்கை ஆபத்துகளைப் பற்றிய அறிவிப்புப் படிவம் ஒன்று இருந்தது. வெள்ளம், நிலநடுக்கம், தீ என்று வரிசையாகக் கட்டங்கள். காட்டுத்தீ அபாயம் உள்ள நிலப்பகுதி என்ற கட்டத்தில் 'ஆம்' என்று குறியிட்டிருந்தது. நான் அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பிற்பாடு எடுத்துப் பார்த்தபோது கையெழுத்து அழகாகவே இருந்தது.

2018 நவம்பர் 8ஆம் தேதி எங்களுக்கு வடக்கே பாரடைஸ் என்ற மலையூர் எரிந்தது. காலையில் ஒரு பழைய மின்கம்பியின் கொக்கி அறுந்து தொடங்கிய தீ, ஊரார் காலை உணவு சாப்பிடும் நேரத்தில் ஊருக்குள் நுழைந்தது. 85 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் முதியவர்கள். 18,000க்கும் அதிகமான கட்டடங்கள் போயின. எங்களுக்குப் புகை வந்தது. பல நாள் சூரியன் மஞ்சள்கருபோல் தொங்கியது, பள்ளிகளை மூடினார்கள். அந்த நாட்களில் பாரடைஸின் படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்று மட்டும் புரியவில்லை. வீடு இருந்த இடத்தில் சாம்பலும் புகைபோக்கியும் மட்டும் மிஞ்சியிருக்க, பக்கத்திலேயே பைன் மரம் பச்சை ஊசியிலைகளோடு நின்றது. காட்டுத்தீ காட்டை விட்டுவிட்டு வீட்டை மட்டும் எப்படி எரிக்கும்?

அதற்கான பதிலைத்தான் ஆய்வாளர் கால்மிதியின் ஓரத்தில் காட்டினார். தீ ஒரு மதில்போல வந்து வீட்டின் மேல் மோதுகிறது என்று நாம் கற்பனை செய்கிறோம். அப்படியும் நடக்கும். ஆனால் பெரும்பாலான வீடுகளுக்கு முதலில் வந்து சேர்வது கங்கு. காற்று அதை ஒரு மைலுக்கு மேலும் கொண்டுபோய் எறியும். அது கூரையோரத்து மழைநீர்ப் பீலியில் கிடக்கும் சருகில் விழும், மச்சுக்குக் காற்றுப்போக வைத்த துளை வழியே உள்ளே நுழையும், சன்னலடியில் பரப்பிய மரச்சீவல் மூடாக்கில் படுத்து மெல்லப் புகையும். தீயணைப்பு வண்டி கடந்துபோய்ப் பல மணி நேரம் கழித்து வீடு பற்றிக்கொள்ளும். எரியும் வீடு அடுத்த வீட்டுக்குப் புதிய கங்கை அனுப்பும். ஜாக் கோஹன் என்ற அமெரிக்க வனத்துறை விஞ்ஞானி பல ஆண்டுகளாக இதைத்தான் சொல்லிவந்தார்: வீடு எரிவதா பிழைப்பதா என்பது அந்த வீட்டையும் அதைச் சுற்றிய சிறு வட்டத்தையும் பொறுத்தது, தொலைவில் இருக்கும் காட்டைப் பொறுத்ததல்ல.

இனி வரைபடத்துக்கு வருகிறேன். இந்தப் பக்கத்தில் நாலு பேர் கூடினால் சண்டை இதைப் பற்றித்தான்.

கால் ஃபயர் எனப்படும் மாநிலத் தீயணைப்புத் துறை கலிபோர்னியா நிலத்தை மூன்று அபாய மண்டலங்களாகப் பிரிக்கிறது. மிதமானது மஞ்சள், உயர்ந்தது ஆரஞ்சு, மிக உயர்ந்தது சிவப்பு. நகர எல்லைக்கு வெளியே மாநிலமே தீயணைக்கப் பொறுப்பேற்கும் நிலங்களுக்கான புதிய வரைபடம் 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. நகரங்களுக்கு உள்ளிருக்கும் நிலங்களுக்கானது 2025 பிப்ரவரியிலும் மார்ச்சிலும் பகுதி பகுதியாக வெளியானது. உள்ளூர் மன்றம் தன் எல்லையில் மண்டலத்தின் நிறத்தை உயர்த்தலாம், குறைக்க முடியாது. இந்த ஏற்பாட்டின் வேர் 1991 அக்டோபரில் இருக்கிறது. ஓக்லாந்து குன்றுகளில் அன்று பற்றிய தீயில் 25 பேர் இறந்தார்கள், ஏறத்தாழ 3,000 வீடுகள் போயின. மறு ஆண்டே, நகரங்களுக்குள்ளும் மிக உயர்ந்த அபாயமுள்ள இடங்களைக் குறிக்கச் சொல்லிச் சட்டம் வந்தது.

பழைய வரைபடத்தில் எங்கள் வீடு ஆரஞ்சு, 2024இல் சிவப்பு. என் கணவர் கொதித்துப்போனார். "ஏழு வருடமாகப் புதர் வெட்டுகிறோம், அதற்குக் கிடைத்த பரிசு இதுதானா?" என்று கேட்டார். கேள்வி நியாயமானதுதான், ஆனால் கேட்ட இடம் தவறு. வரைபடம் வீட்டைப் பார்ப்பதில்லை. சரிவு எவ்வளவு, என்ன செடிகொடி வளரும், எந்தக் காற்று வீசும், கங்கு எவ்வளவு தூரம் பறக்கும், முன்பு எங்கே எரிந்தது என்பதையெல்லாம் வைத்து, வரும் முப்பது ஐம்பது ஆண்டுகளில் இந்த நிலம் எப்படி எரியக்கூடும் என்று மட்டும் சொல்கிறது. தகரக்கூரை போட்டாலும், புதரை மொட்டையடித்தாலும் நிறம் மாறாது. நான் அவரிடம், "இது நிலத்தின் ஜாதகம். நம் வீட்டுக்குச் செவ்வாய் தோஷம், அதனால்தான் சிவப்பு" என்றேன். அவர் சிரிக்க இரண்டு நாள் ஆனது.

ஜாதகம் என்று விளையாட்டாகச் சொன்னாலும் அந்த உவமை எனக்குப் பிறகு பலவிதத்தில் உதவியது. தோஷமில்லாத ஜாதகங்களையும் பார்த்துவிட்டோம். 2017 அக்டோபரில் சாண்டா ரோசாவில் டப்ஸ் தீ ஆறுவழி நெடுஞ்சாலையைத் தாண்டிப் போய் காஃபி பார்க் என்ற சமவெளிக் குடியிருப்பில் ஆயிரத்துக்கு மேற்பட்ட வீடுகளை எரித்தது. அந்த இடம் எந்த அபாய மண்டலத்திலும் இல்லை. 2025 ஜனவரி 7இல் லாஸ் ஏஞ்சல்ஸுக்கு மேலே சான் கேப்ரியல் மலையடிவாரத்தில் ஈட்டன் தீ ஆல்டடீனாவுக்குள் இறங்கியது. 9,000க்கு மேற்பட்ட கட்டடங்கள் எரிந்தன, 19 பேர் இறந்தார்கள். எரிந்த தெருக்களில் பெரும்பகுதி அன்றைக்கு இருந்த வரைபடத்தில் சிவப்புக்கு வெளியே இருந்தது. இறந்தவர்களில் ஏறக்குறைய அனைவரும் லேக் அவென்யூ என்ற சாலைக்கு மேற்கே, தீ தொடங்கிய இடத்திலிருந்து தள்ளி இருந்தவர்கள். அங்கே வெளியேறும் உத்தரவே தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தது. சிவப்பில் இருப்பவன் பயப்படுகிறான், வெள்ளையில் இருப்பவன் தூங்குகிறான். இந்த வரைபடத்தின்மேல் எனக்குள்ள ஒரே கோபம் அந்தத் தூக்கத்தின் மேல்தான்.

நிறத்தோடு விதிகள் வருகின்றன. 2008 முதல் இத்தகைய இடங்களில் புதிதாகக் கட்டும் வீடுகளுக்குத் தனிக் கட்டட விதி உண்டு: எளிதில் பற்றாத உயர்தரக் கூரை, கங்கு நுழையாத காற்றுத் துளைகள், சூட்டில் சட்டென உடையாத கண்ணாடி, தீயைத் தாங்கும் வெளிச்சுவர். பாரடைஸில் தப்பிய வீடுகளைப் பிற்பாடு செய்தியாளர்கள் கணக்கெடுத்தார்கள். 2008க்குப் பின் கட்டியவற்றில் ஏறக்குறையப் பாதி சேதமில்லாமல் நின்றன. முந்தையவற்றில் ஐந்தில் ஒன்றுகூட நிற்கவில்லை. விதி வேலை செய்கிறது, சந்தேகமில்லை. ஆனால் எங்கள் வீடு 1986இல் கட்டியது. பழைய வீட்டை உடைத்துத் திருத்து என்று அந்த விதி யாரையும் வற்புறுத்துவதில்லை. அடிவாரத்தில் பாதிக்குமேல் எங்கள் வீடு போன்றவைதான். விற்கும்போதுதான் பழைய வீட்டை விதி தொடுகிறது. 2021 ஜூலை முதல் உயர்ந்த, மிக உயர்ந்த மண்டலங்களில் வீடு விற்பவர், சுற்றுப்புறம் விதிப்படி துப்புரவாக இருக்கிறது என்பதற்குச் சான்று தர வேண்டும். விற்காதவரை நீங்களும் உங்கள் மச்சுத் துளைகளும் உங்கள் பாடு.

பழைய வீட்டையும் விடாமல் பிடிப்பது நூறடி விதி. வீட்டைச் சுற்றி நூறடிக்கு, அல்லது உங்கள் எல்லைவரை, எரியக்கூடியதைக் குறைக்க வேண்டும். முதல் முப்பதடிக்குள் சருகு, காய்ந்த செடி, விறகடுக்கு எதுவும் கூடாது. அதற்கு அப்பால் புல் நான்கு அங்குலத்துக்கு மேல் நிற்கக் கூடாது, மரத்துக்கும் மரத்துக்கும் இடைவெளி வேண்டும். இடைவெளியின் அளவு சரிவைப் பொறுத்துக் கூடும், ஏனென்றால் தீக்கு மலையேறுவது பிடிக்கும். சரிவு பத்து பாகை கூடினால் அதன் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும். நாங்கள் பள்ளத்தாக்கின் தலைமாட்டில் இருக்கிறோம். இந்த ஒரு வாக்கியத்தை வீடு விற்ற தரகர் "அற்புதமான காட்சி" என்று மொழிபெயர்த்திருந்தார்.

நூறடி வேலையில் எனக்கு மிகவும் பிடித்தது ஆடுகள். எங்கள் தெருக்காரர்கள் சேர்ந்து வாடகைக்கு ஆட்டு மந்தை பிடித்தோம். மின்வேலி கட்டி நூற்றுக்கணக்கான ஆடுகளைச் சரிவில் விட்டார்கள். மூன்று நாளில் புதர்க்காடு பெருக்கிய களம்போல் ஆகிவிட்டது. எங்கள் ஊரில் கிடை போட்டால் எருவுக்காகத் தோட்டக்காரன் கிடைக்காரனுக்குக் கூலி தருவான். இங்கே தீக்காகத் தருகிறோம். மேய்ப்பவர் பெரு நாட்டிலிருந்து பருவகால விசாவில் வந்தவர். இரவு ஒரு சிறு வண்டியிலேயே படுத்துக்கொண்டார். எனக்கு ஸ்பானிஷ் தெரியாது, அவருக்கு ஆங்கிலம் அரைகுறை. ஒரு குட்டியின் காலில் முள் ஏறியபோது அவர் நாக்கைச் சொடுக்கி அதை அழைத்த சத்தம் மட்டும் அப்படியே எங்கள் ஊர்ச் சத்தம்.

ஆடுகளுக்கு முன்னால் இந்தச் சரிவுகளில் இந்த வேலையைச் செய்தது தீயேதான், அதுவும் வைத்த தீ. இங்கே வாழ்ந்த நிசெனான் மக்கள் புல்லையும் புதரையும் காலம் பார்த்துச் சிறிது சிறிதாகக் கொளுத்தி வந்தவர்கள். தங்கம் தேடி வந்தவர்கள் அமைத்த மாநில அரசு 1850இல், பூர்வகுடிகளை "காப்பதற்காக" என்று பெயரிட்ட சட்டத்திலேயே, புல்வெளிக்குத் தீ வைப்பதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. பெயரையும் உள்ளடக்கத்தையும் சேர்த்துப் படித்தால் அந்தச் சட்டத்தை எழுதியவர்களின் துணிச்சல் விளங்கும். மூட்டம் போட ஆளில்லாமல் புதர் ஒன்றரை நூற்றாண்டு சேர்ந்தது. நடுவில் நாங்கள் வந்து வீடு கட்டினோம்.

நூறடியில் யாருக்கும் பெரிய சண்டையில்லை. சண்டையெல்லாம் ஐந்தடியில்.

வீட்டுச் சுவரிலிருந்து முதல் ஐந்தடிக்குள் எரியக்கூடிய எதுவும் இருக்கக் கூடாது என்பது பூஜ்ய மண்டலம் என்று பேசப்படும் விதி. 2020இல் சட்டமன்றம் இதற்கு வழிவிட்டது. 2023 ஜனவரி 1க்குள் விவரங்களை எழுதி முடிக்க வேண்டும் என்று மாநில வன வாரியத்துக்குக் கெடு. கெடு கடந்தது. ஈட்டன் தீக்குப் பிறகு, 2025 பிப்ரவரியில், அந்த ஆண்டு முடிவதற்குள் முடியுங்கள் என்று ஆளுநர் உத்தரவிட்டார். வந்தால் புதிய வீடுகளுக்கு உடனே பொருந்தும், பழையவற்றுக்கு மூன்றாண்டு அவகாசம் என்பது அப்போதைய ஏற்பாடு. எங்கள் ஆய்வாளர் வந்தபோது இது பேச்சளவில்தான் இருந்தது. "இதைப் படிவத்தில் எழுத எனக்கு அதிகாரமில்லை, வாயால் சொல்கிறேன்" என்று சொல்லி, சட்டைப்பையிலிருந்து அளவுநாடாவை எடுத்து வீட்டை ஒரு சுற்றுச் சுற்றினார்.

அந்தச் சுற்றில் நான் இழந்தவை: கால்மிதி. சமையலறைச் சன்னலடியில் ஏழு வருடமாக வளர்த்த மல்லிப் பந்தல். அதன் காலடியில் பரப்பியிருந்த மூடாக்கு, காசு கொடுத்து மூட்டை மூட்டையாக வாங்கிய தேவதாருச் சீவல். சுவரை ஒட்டிச் சார்த்தியிருந்த பிரம்பு நாற்காலி. பக்கவாட்டில் சுவரோடு முட்டி நிற்கும் மரவேலியின் கடைசி ஐந்தடி. வேலியைக் காட்டி அவர் "திரி" என்ற பொருளில் ஒரு சொல் சொன்னார். வேலியின் எந்த முனையில் பற்றினாலும் மறுமுனை வீட்டுச் சுவரில் இருக்கிறது என்பதை நான் அதுவரை யோசித்ததே இல்லை. கறிவேப்பிலைக்கு மட்டும் கருணை காட்டினார். தொட்டியில் இருப்பதால் தீக்காலத்தில் நகர்த்திக்கொள்ளலாம் என்றார். அது உறைபனிக்கு உள்ளே வருவதும் வெயிலுக்கு வெளியே போவதுமாக ஏற்கனவே நகர்ந்து பழகிய செடி.

மச்சுத் துளைகளில் பென்சிலை நுழைத்துப் பார்த்தார். எளிதாகப் போனது. துளைக்கு எட்டில் ஒரு அங்குலத்துக்கு மேற்படாத கண்ணுள்ள உலோக வலை வேண்டும் என்றார். கணவர் ஒரு சனி ஞாயிறில் எல்லாவற்றுக்கும் வலை அடித்தார். எங்கள் செலவிலேயே மிகக் குறைந்தது அதுதான், மிக அதிகப் பலன் தருவதில் ஒன்றும் அதுதான் என்கிறார்கள். கூரையை மாற்றுவதற்கோ பெருந்தொகை வேண்டும். ஓய்வூதியத்தில் வாழ்பவர்களிடம் போய்க் கூரையை மாற்று என்றால் அது அறிவுரை இல்லை, வீட்டை விற்று இடத்தைக் காலிசெய் என்பதற்கு நாகரிகமான சொல்.

மல்லியை வெட்ட எனக்கு மனம் வரவில்லை. இரண்டு வாரம் தள்ளிப்போட்டேன். அதற்குள் அம்மா ஊரிலிருந்து வந்துவிட்டார். வாசலில் செடியில்லாத வீட்டை அம்மா ஒப்புக்கொள்ள மாட்டார், அவரைச் சாக்காக வைத்து மல்லியைக் காப்பாற்றிவிடலாம் என்று ஒரு கணக்கு. விவரத்தைச் சொன்னேன். அம்மா பந்தலைப் பார்த்தார், சன்னலைப் பார்த்தார்.

"நம் தோட்டத்துச் சாளையில் தட்டுப்போரை எங்கே போட்டிருந்தோம், நினைவிருக்கிறதா கண்ணு?"

நினைவிருந்தது. சோளத்தட்டுப் போர் களத்துக்கு அந்தப் பக்கம், கிணற்றுமேட்டுக்கு அருகே இருக்கும். ஓலை வேய்ந்த சாளைக்கும் போருக்கும் நடுவே சாணம் மெழுகிய வெறும் களம். மாட்டுக்குத் தட்டு எடுக்க அவ்வளவு தூரம் நடக்க வேண்டியிருக்கிறதே என்று சிறுமியாக நான் சலித்துக்கொண்டிருக்கிறேன்.

"போரை வீட்டை ஒட்டிப் போட்டால் எடுக்க வசதிதான். யாராவது போடுவார்களா? போருக்குப் பக்கத்தில் பீடி பற்றவைத்த ஆளை உன் தாத்தா சாட்டையோடு துரத்தியிருக்கிறார்."

கங்கு ஒரு மைல் பறக்கும் என்று சொன்னபோது அம்மா வியக்கவும் இல்லை. பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் வாழ்ந்தவர். "ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்கிறோம், கங்கு பறக்காதா?" என்றார். மறுநாள் காலை நான் எழுந்து வருவதற்குள் மல்லியின் பாதியை அவரே வெட்டி முடித்திருந்தார். கடைசியாகப் பூத்திருந்ததைக் கோத்து என் தலையில் வைத்தார். அந்த இடத்தில் சரளைக்கல் கொட்டினோம். நாலைந்து குச்சியை இருபதடி தள்ளி நட்டு வைத்தார். இரண்டு பிழைத்தன.

ஐந்தடி விதியை எதிர்ப்பவர்கள் சொல்வது அத்தனையும் வீண்வாதமல்ல. தண்ணீர் ஊற்றி வளர்த்த பச்சைச் செடி வீட்டுக்குக் கவசமாகவும் நிற்கலாம் என்கிறார்கள். நகரத்து மரங்களை வெட்டினால் வெயில் கொல்லும் என்கிறார்கள். லாஸ் ஏஞ்சல்ஸின் நெருக்கமான தெருக்களில் ஐந்தடி போனால் தோட்டமே போய்விடும் வீடுகள் உண்டு, அங்கே இருப்பவர்கள் பேசுவது எனக்குப் புரிகிறது. ஆனால் என் சன்னலடியில் இருந்தது நனைந்த பச்சைக் கவசமல்ல. மேலே பச்சை, உள்ளே ஏழு வருடத்துக் காய்ந்த கொடி, கீழே மரச்சீவல். அதைத் தட்டுப்போர் என்று அம்மா ஒரே பார்வையில் கண்டுகொண்டார்.

இத்தனையும் செய்தால் காப்பீடு கிடைக்கும் என்று எண்ணுகிறவர்களுக்காக ஒரு பத்தி. 2023 இலையுதிர் காலத்தில், ஆய்வாளர் வருவதற்கு முன்பே, எங்கள் காப்பீட்டு நிறுவனம் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கப் போவதில்லை என்று கடிதம் அனுப்பியிருந்தது. காரணம்: வான்வழிப் படத்தில் கூரைமேல் மரக்கிளை தெரிகிறது. அந்தக் கிளையை நாங்கள் வெட்டி ஒரு வருடம் ஆகியிருந்தது. புதுப் படங்களை அனுப்பினோம். படம் கிடைத்தது, முடிவில் மாற்றமில்லை என்று பதில் வந்தது. மாநிலத்தின் 2022ஆம் ஆண்டு விதிப்படி, வீட்டுக்கு நிறுவனம் போட்ட தீ மதிப்பெண்ணைக் கேட்டு வாங்கலாம், மேல்முறையீடும் செய்யலாம். கேட்டோம். எண் வந்தது, அந்த எண் எப்படி வந்தது என்பது வரவில்லை. காப்பீட்டு நிறுவனங்கள் அரசின் வண்ண வரைபடத்தைப் பின்பற்றுவதில்லை, அவரவர்க்கு ஒரு கணக்கு உண்டு என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஆக, இரண்டு ஜாதகம், இரண்டு ஜோசியர், ஒருவர் மட்டும் ஏட்டைக் காட்டுகிறார்.

வேறு யாரும் ஏற்காதவர்களுக்கு 1968 முதல் ஃபேர் பிளான் என்ற கடைசிப் புகலிடம் இருக்கிறது. இப்போது ஐந்து லட்சத்துக்கு மேற்பட்ட ஒப்பந்தங்கள் அதில். அது முக்கியமாகத் தீயைத்தான் பார்க்கும். குழாய் உடைந்தாலோ திருடு போனாலோ தனியாக இன்னொரு ஒப்பந்தம் வாங்க வேண்டும். இரண்டும் சேர்ந்து முன்பு கட்டியதைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. வலையடித்ததற்கும் ஐந்தடிக்கும் சிறு தள்ளுபடி கிடைத்தது. அந்தத் தொகையில் சரளைக்கல் வாங்கிய செலவை ஈடுகட்ட ஆறு ஆண்டு ஆகும் என்று கணவர் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்.

எங்கள் படுக்கையறைச் சன்னலிலிருந்து பதினெட்டடியில் பக்கத்து வீட்டு எல்லை. எல்லையோடு ஒட்டி வரிசையாக ஜூனிப்பர். தீயணைப்பு வீரர்களுக்கு அந்தச் செடியின்மேல் தனிப்பகை உண்டு. உள்ளே எண்ணெயும் காய்ந்த குச்சியும் அடைந்து கிடப்பதால் பெட்ரோல் டப்பா என்றே சொல்கிறார்கள். ஆய்வாளர் எங்கள் பக்கம் நின்று அதைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. என் விதி என் எல்லையில் முடிந்துவிடுகிறது. பாரடைஸில் எரிந்த, தப்பிய வீடுகளை ஒப்பிட்ட விஞ்ஞானிகள், எரியும் அடுத்த வீடு எவ்வளவு அருகில் இருந்தது என்பதுதான் மிக வலுவான காரணங்களில் ஒன்று என்று கண்டார்கள். நான் என் ஐந்தடியைப் பெருக்கிப் பெருக்கி வைத்தாலும், என் வீட்டின் விதியில் பாதி அந்த எல்லைக்கு அப்பால் இருந்தது.

அந்த வீட்டில் எண்பதைத் தொடும் பெரியவர் ஒருவர் தனியாக இருக்கிறார். ஜூனிப்பரை நட்டது அவருடைய மறைந்த மனைவி. இருமுறை பேச்செடுத்தேன். முதல்முறை அரசாங்கத்தைத் திட்டினார். 2009இல் வடக்கு ஆபர்னில் அறுபதுக்கு மேற்பட்ட கட்டடங்கள் எரிந்தபோதுகூடத் தன் கூரையில் ஒரு பொறி விழவில்லை என்றார். இரண்டாவது முறை கதவைத் திறந்ததும் பேச்சை மாற்றி எனக்குத் தக்காளி கொடுத்தனுப்பினார். நானும் அதற்குமேல் போகவில்லை. மனைவி நட்ட செடியை வெட்டச் சொல்லும் உரிமை எனக்கு எங்கிருந்து வரும்? மல்லிக்கே இரண்டு வாரம் எடுத்துக்கொண்டவள்.

2025 ஜனவரியில் ஆல்டடீனா எரிந்த வாரம் அவர் வீட்டில் இரவெல்லாம் தொலைக்காட்சி வெளிச்சம் தெரிந்தது. ஆனால் அவரை அசைத்தது அதுவும் இல்லை. மார்ச் மாதம் அவருக்கும் அந்தக் கடிதம் வந்தது, நாற்பது ஆண்டுக்கு மேலாகப் பணம் கட்டிவந்த நிறுவனத்திலிருந்து. கடிதத்தை எடுத்துக்கொண்டு நேராக எங்கள் வாசலுக்கு வந்தார். கோபத்தில் கை நடுங்கியது. நீங்கள் என்ன செய்தீர்கள் என்று கேட்டார். சட்டமும் வரைபடமும் நானும் செய்ய முடியாததை ஒரு தாள் செய்ததை நினைத்து எனக்கு மகிழ்ச்சி வரவில்லை.

ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை தெருவில் ஆறேழு பேர் சேர்ந்தோம். என் கணவர் வாடகைக்கு எடுத்த ரம்பத்தோடு. பெரியவர் தோட்டத்து நாற்காலியைப் புல்லில் போட்டு உட்கார்ந்து, எந்தச் செடியில் தொடங்க வேண்டும், எதில் முடிக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். வீட்டு மூலையில் இருந்தது கடைசி. அதை வெட்டும் முன் எழுந்து போய், உள்ளே கைவிட்டு, எப்போதோ கட்டித் துருப்பிடித்த ஒரு சிறிய பறவைக்கூண்டை எடுத்துக்கொண்டார். வெட்டிய கிளைகளை அரைக்கும் வண்டி மதியம் வந்தது. தெரு முழுக்க ஜின் பாட்டிலைத் திறந்ததுபோல் வாசம்.

கிளம்பும்போது அவர் எங்கள் வாசற்படியைப் பார்த்து, இப்போது காலை எதில் துடைப்பது என்று கேட்டார். இரும்புக் கம்பிச் சட்டம் ஒன்று வாங்கிப் போட்டிருக்கிறேன், சேறு அதில் நன்றாகவே போகிறது. தேங்காய்நார்க் கால்மிதி இப்போது கார்க் கொட்டகைக்கு அப்பால், வீட்டிலிருந்து நாற்பதடியில், குழாயடியில் கிடக்கிறது. வெயிலில் வெளுத்துவிட்டது. ஆடு வந்த அன்று அதன் ஒரு மூலையையும் தின்றுவிட்டுப் போயிருந்தது.